டஸ்டர் கேன் பட்டு விரல் வெள்ளையாகி, இப்போது கொப்புளம். என்ன செய்யலாம்?

ஈசூன்_அண்ணன் கேட்டது:

வணக்கம் எல்லாருக்கும். தம்பிக்காகக் கேட்கிறேன், கொஞ்சம் அவசரம்.

தம்பிக்கு 18 வயது, சிங்கப்பூரில் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். நேற்று ராத்திரி அவனுடைய கணினியைப் பிரித்துப் போட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். கணினிக் கடைகளில் தூசி ஊதுவதற்கென்றே ஒரு காற்று கேன் விற்கிறார்களே, மெல்லிய சிவப்புக் குழாயைச் செருகி அடிப்போமே, அதுதான். கிராஃபிக்ஸ் கார்டின் விசிறி சுற்றாமல் இருக்க இடது கையின் ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் அதைப் பிடித்துக்கொண்டு, அடிப்பக்கத் தூசியை எடுக்கக் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து அழுத்தியிருக்கிறான். காற்றுக்குப் பதிலாக ஏதோ திரவம் சீறிக்கொண்டு வந்து இரண்டு விரலிலும் பட்டிருக்கிறது. சில வினாடிதான் இருக்கும் என்கிறான். பட்ட இடம் அப்படியே வெள்ளையாகி, தொட்டால் மெழுகு மாதிரி கெட்டியாக இருந்தது. உணர்ச்சியே இல்லை.

அம்மா தீக்காயம் மாதிரிதான் என்று நினைத்து ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தார். அரை மணி நேரம் கழித்து உணர்ச்சி திரும்பியது, ஆனால் அதற்கப்புறம்தான் பயங்கர எரிச்சலும் குத்தலும், ராத்திரி முழுக்க அவன் தூங்கவில்லை. இன்று காலை பார்த்தால் நடுவிரலில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கொப்புளம், உள்ளே தெளிவான நீர். ஆள்காட்டி விரலில் கொப்புளம் இல்லை, தோல் கருஞ்சிவப்பாகத் தடித்திருக்கிறது. விரலை மடக்க முடிகிறது, வலிக்கிறது.

கொப்புளத்தை உடைக்கலாமா? பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போதுமா, இல்லை மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போகணுமா? அப்புறம், கேனில் இருப்பது வெறும் காற்றுதானே, அது எப்படித் தோலை இந்தப் பாடு படுத்தும் என்று அப்பா நம்பவே மாட்டேன் என்கிறார். பாட்டி மஞ்சளையும் தேங்காய் எண்ணெயையும் குழைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கோடாலித் தைலம் தடவலாம் என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு_அக்கா:

தம்பி, பதற வேண்டாம். நான் தாதியாக வேலை பார்க்கிறேன், முன்பு அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன், இப்போது புண் பராமரிப்பு. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது ஃப்ராஸ்ட்பைட், அதாவது தோல் உறைந்துபோன காயம். படத்தையும் பார்க்காமல் கையையும் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது, அதனால் இன்றைக்கே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கே என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் அப்பாவின் கேள்வி. அந்தக் கேனில் காற்று கிடையாது. பெரும்பாலும் டைஃபுளோரோஈத்தேன் அல்லது டெட்ராஃபுளோரோஈத்தேன், சிலவற்றில் பியூட்டேன், புரொப்பேன் கலவை. எதுவாக இருந்தாலும் அழுத்தத்தில் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். டைஃபுளோரோஈத்தேன் சாதாரணக் காற்றழுத்தத்தில் −25 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். கேனை நிமிர்த்திப் பிடித்தால் மேலே நிற்கும் ஆவி மட்டும் வெளியே வரும். கவிழ்த்தால் திரவமே பீய்ச்சிக்கொண்டு வரும், அது ஆவியாகத் தேவைப்படும் வெப்பத்தைப் பட்ட இடத்துத் தோலிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். நம் தோலில் இருக்கும் நீர் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே உறைய ஆரம்பித்துவிடும். அதனால்தான் சில வினாடியிலேயே விரல் வெள்ளையானது. நம் ஊர் வெயிலும் புழுக்கமும் இதில் ஒன்றும் உதவாது.

ஐஸ் பற்றி. தீக்காயம் என்றால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் குளிர வைக்கச் சொல்வோம். இதற்கு நேர் எதிர், வெதுவெதுப்பாக்க வேண்டும். திரவம் பட்டவுடனே மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றிவிட்டு (விரல் வீங்கினால் அப்புறம் கழற்ற முடியாது), 37 முதல் 39 டிகிரி சூடுள்ள தண்ணீரில் 15 முதல் 30 நிமிடம் வரை, தோல் மெத்தென்று ஆகி நிறம் திரும்பும் வரை அமிழ்த்தி வைக்க வேண்டும். தண்ணீர் ஆற ஆறச் சூடானதைச் சேர்க்கணும். தண்ணீரின் சூட்டை அடிபட்ட கையால் பார்க்கவே கூடாது, அதில் உணர்ச்சி இருக்காது, வெந்தாலும் தெரியாது. வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டும் வெப்பமானி இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும். தேய்க்கக் கூடாது. ஹேர் டிரையர், சூடு பை, அடுப்பில் காட்டுவது எதுவும் வேண்டாம். துணி நனைந்திருந்தால் கழற்ற வேண்டும், ஆனால் துணி தோலோடு ஒட்டி உறைந்திருந்தால் இழுக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றித் தானாக விடும்வரை பொறுக்க வேண்டும். உறைந்தது இளகும்போது வலி உயிர் போகும், அது ரத்த ஓட்டம் திரும்புவதால் வருவது.

இது அடுத்த முறை யாருக்காவது நடந்தால். உங்கள் தம்பிக்கு விரல் ஏற்கெனவே தானாக இளகி உணர்ச்சி வந்துவிட்டது, அதனால் இப்போது போய்ச் சுடுதண்ணீரில் ஊற வைப்பதால் உறைந்ததைச் சரிசெய்ய முடியாது, அது தேவையில்லை.

இனிமேல் பார்க்க வேண்டியது கொப்புளத்தைத்தான். உள்ளே இருப்பது தெளிவான நீராகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால் காயம் பெரும்பாலும் மேலோட்டமானது, ஆறிவிடும். ரத்தம் கலந்து கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ இருந்தால் ஆழமாகப் போயிருக்கிறது. உடைக்காதீர்கள். அந்த மேல்தோல்தான் இப்போது அவனுக்கு இருக்கும் சுத்தமான கட்டு. ஒட்டாத வகை காஸ் துணியைத் தளர்வாக வைத்து, இரண்டு விரலுக்கும் நடுவே ஒரு காஸ் துண்டைச் செருகுங்கள், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று உரசும். கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தால் வீக்கமும் குத்தலும் குறையும். வலிக்கு இபுபுரோஃபென் சாப்பிட்ட பிறகு எடுக்கலாம், வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, அதற்கு ஒவ்வாமை இல்லாவிட்டால். கூடவே காய்ச்சலும் இருந்து டெங்கி என்ற சந்தேகம் வந்தால் இபுபுரோஃபென் வேண்டாம், பனடால் (பாராசிட்டமால்) மட்டும். காயம் ஆறும்வரை புகை பிடிக்கவே கூடாது, ரத்தக் குழாய் சுருங்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இணையத்தில் இந்தக் காயத்துக்குக் காட்டும் படங்கள் பெரும்பாலும் வெளுத்த தோல், அதில் சிவப்பு பளிச்சென்று தெரியும். நம் தோலில் அப்படித் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சாம்பல் பூத்தது போலவோ வெளிறியோ இருக்கிறதா, அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா, மற்ற விரலைவிடச் சில்லென்று இருக்கிறதா, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பஞ்சால் தொட்டால் தெரிகிறதா, இவற்றைப் பாருங்கள். சிவப்பு இல்லையே என்று யாரும் சும்மா இருந்துவிடாதீர்கள்.

எங்கே போவது: தெளிவான நீர்க் கொப்புளம், உணர்ச்சி திரும்பிவிட்டது, விரல் மடங்குகிறது என்றால் பலதுறை மருந்தகமோ பக்கத்து கிளினிக்கோ போதும். ஹெல்த்ஹப்பில் (அரசாங்கச் சுகாதாரச் செயலி) இன்றைக்கு இடம் இல்லையென்றால் கிளினிக்குக்கே போங்கள், நாளைக்கென்று தள்ளாதீர்கள். ஆனால் உணர்ச்சி திரும்பவில்லை, ரத்தக் கொப்புளம், தோல் சாம்பலாகவோ நீலமாகவோ கறுப்பாகவோ மாறுகிறது, விரலைச் சுற்றி முழுக்கப் பட்டிருக்கிறது, முகத்தில் பட்டது, இவற்றில் எது இருந்தாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. ஆழமான உறைகாயத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுப்பதாக இருந்தால் அது முதல் 24 மணி நேரத்துக்குள், அதனால் காத்திருப்பதில் லாபமே கிடையாது. ஊட்ரமில் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது, தேவைப்பட்டால் அங்கே அனுப்புவார்கள். கண்ணில் பட்டால் வெதுவெதுப்பான தண்ணீரால் 15 நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு உடனே மருத்துவமனை. நீரிழிவு உள்ளவர்கள் என்றால் சின்னக் காயமாக இருந்தாலும் காட்டிவிடுங்கள். அவர்களுக்கு உணர்ச்சி முன்பே குறைந்திருக்கலாம், புண்ணும் லேசில் ஆறாது.

டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவர் கேட்பார். இங்கே படித்த பையன் என்றால் தொடக்கநிலை 5இல் பள்ளியிலேயே போட்டிருப்பார்கள், ஹெல்த்ஹப்பில் பதிவு இருக்கும், பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிடோக்_மாமி:

பாட்டியைக் குறை சொல்லாதீர்கள் தம்பி, எங்கள் வீட்டிலும் எந்தப் புண்ணுக்கும் முதலில் மஞ்சள்தான். வார்டு அக்கா, மஞ்சள் கிருமிநாசினிதானே, போட்டால் என்ன கெடுதல்? கற்றாழையாவது போடலாமா? எங்கள் தாழ்வாரத்தில் தொட்டியில் நன்றாக வளர்ந்து நிற்கிறது.

வார்டு_அக்கா:

மாமி, பாட்டியின் அக்கறையை நான் குறையே சொல்லமாட்டேன். மஞ்சள் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பூசினால் அடியில் தோல் என்ன நிறம் என்று மருத்துவருக்குத் தெரியாமல் போகிறது, இந்தக் காயத்தில் நிறத்தை வைத்துத்தான் பாதி முடிவே எடுக்கிறோம். கொப்புளம் லேசாக உடைந்தால் பொடியும் எண்ணெயும் உள்ளே போய்க் கழுவ முடியாமல் ஒட்டிக்கொள்ளும். கோடாலித் தைலம், பற்பசை, தோசை மாவு எதுவும் கூடாது. உணர்ச்சி மழுங்கிய தோலில் தைலம் எரிந்தால்கூடத் தெரியாது.

கற்றாழை விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உறைகாயத்துக்குக் கற்றாழை ஜெல் தடவுவது மருத்துவ வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஆனால் மருந்துக்கடையில் வாங்கிய, வாசனையும் நிறமும் சேர்க்காத ஜெல், கட்டு மாற்றும்போது மெல்லியதாக. தொட்டியில் இருப்பதை வெட்டி நேராகப் புண்ணில் வைக்க வேண்டாம், மண்ணும் கிருமியும் சேர்ந்து வரும்.

துவாஸ்_ஏர்கான்:

தம்பி, நான் ஏர்கான் வேலையில் இருக்கிறவன். இந்தக் காயம் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், கேன் மட்டும் வேறு. ஏர்கானில் குளிரூட்டப் போடும் ஆர்-32 கேஸ் −52 டிகிரியில் கொதிக்கும், ஆர்-410ஏ கிட்டத்தட்ட அதேதான், உங்கள் டஸ்டர் கேனைவிட இன்னும் அதிகக் குளிர். சர்வீஸ் போர்ட்டிலிருந்து ஹோஸைக் கழற்றும்போது வால்வை முழுசாக மூடாமல் விட்டால் திரவம் நேரே கட்டைவிரலில் அடிக்கும். பருத்திக் கையுறை போட்டிருந்தால் போதும் என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். அது கேஸை உறிஞ்சி விரலோடு ஒட்டிக்கொண்டு இன்னும் மோசமாக்கும். நனையாத, குளிர் தாங்கும் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரும் கைவைக்காதீர்கள்.

இதைப் படிக்கும் ஊழியர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இப்படி இரண்டு விரல் போயிற்று என்று பயந்தோம், நல்லவேளை தப்பித்தது. ஆனால் அவருடைய முதலாளி, சின்னக் காயம், எம்சி (மருத்துவ விடுப்பு) எடுக்காதே, எதற்கு அறிக்கை என்று சொல்லி அவரைத் திரும்ப வேலைக்கு ஏற்றினார். அது சட்டப்படி தவறு. வேலையிடக் காயத்துக்கு எம்சியோ இலகுவேலையோ ஒரு நாள் கொடுத்தால்கூட முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும், 2020 செப்டம்பர் 1 முதல் அதுதான் விதி. தெரிய வந்ததிலிருந்து 10 நாளுக்குள் அறிவிக்கணும். மருத்துவச் செலவும் எம்சி நாள் சம்பளமும் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் வரும், வெளிநாட்டு ஊழியர் என்றாலும் அதே உரிமைதான். கிளினிக்கில் உட்காரும்போதே, வேலையில் கேஸ் பட்டது என்று வாய்விட்டுச் சொல்லி அட்டையில் எழுத வையுங்கள். பட்ட கேஸின் பெயரையும் சொல்லுங்கள். முடிந்தால் சிலிண்டரில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போங்கள்.

ஆங்மோகியோ_ரிப்பேர்:

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன், தலைப்பைப் பார்த்து வேறு யாராவது குழம்பக்கூடாது. டஸ்டர் கேன் வேறு, பட்டறையில் கம்ப்ரெஸ்ஸரிலிருந்து ஹோஸ் வழியாக வரும் காற்று வேறு. கம்ப்ரெஸ்ஸர் காற்று குளிரால் காயம் செய்வதில்லை, அழுத்தத்தால் செய்கிறது. வேலை முடிந்து சட்டையில் இருக்கும் தூசியை ஹோஸால் ஊதிக்கொள்கிறார்கள், நான் எத்தனையோ பட்டறையில் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். தோலில் ஏற்கெனவே சின்னக் கீறல் இருந்தால் காற்று தோலுக்கடியில் புகுந்துவிடும். அந்த இடம் உப்பிக்கொள்ளும், அழுத்தினால் நறநறவென்று இருக்கும். கிரீஸ், பெயின்ட், எண்ணெய் அதிக அழுத்தத்தில் விரலுக்குள் பாய்ந்தால் வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது, ஆனால் அது உடனே அறுவைசிகிச்சை செய்யவேண்டிய காயம். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள், அப்படியே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

கேன் பயன்படுத்துகிறவர்களுக்கு: கேனை நிமிர்த்தியே பிடியுங்கள், கணினியைத் திருப்புங்கள், கேனைத் திருப்பாதீர்கள். அடிப்பதற்கு முன் குலுக்கக் கூடாது. ஒரே அழுத்தாக அழுத்தாமல் விட்டுவிட்டு அழுத்துங்கள். நீளமாக அழுத்தினால் கேனின் வெளிப்பக்கமே உறைபனி பூத்துக் கையில் ஒட்டும், நிமிர்த்திப் பிடித்தாலும் திரவம் தெறிக்க ஆரம்பிக்கும். விசிறியைப் பிடிக்க விரல் வேண்டாம், ஒரு பென்சிலைச் செருகுங்கள். டைஃபுளோரோஈத்தேன் தீப்பிடிக்கும் வாயு, காற்றைவிட எடை கூடினது, அதனால் சாமி விளக்கு எரிகிற அறையிலும் கதவைச் சாத்தி ஏர்கான் போட்ட அறையிலும் அடிக்க வேண்டாம், மின்சாரத்தை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். கேனை வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதீர்கள், 50 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று லேபிளிலேயே இருக்கும். கையைக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தால் வாயெல்லாம் கசக்கும், யாரும் முகரக்கூடாது என்பதற்காகவே பல கேன்களில் கசப்புப் பொருள் சேர்க்கிறார்கள்.

அடிக்கடி சுத்தம் செய்கிறவராக இருந்தால் சின்ன மின்சார ஊதுவான் வாங்கிவிடுங்கள், அதில் திரவமே கிடையாது. கேமரா லென்ஸுக்கு ரப்பர் புளோவர் போதும்.

செங்காங்_அம்மா:

இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. என் மகனுக்கு 10 வயது. பள்ளியில் பையன்கள் வாசனை ஸ்பிரேயைக் கையில் ஒரே இடத்தில் நீளமாக அடித்து யார் அதிக நேரம் தாங்குகிறார்கள் என்று போட்டி வைக்கிறார்களாம். போன வாரம் அவன் முழங்கைக்குக் கீழே வட்டமாக ஒரு கருப்புத் தழும்போடு வந்தான், கேட்டால் விழுந்தேன் என்றான். இதுவும் அதே மாதிரிதானா?

வார்டு_அக்கா:

அதேதான் அக்கா. டியோடரன்ட் ஸ்பிரேயிலும் பியூட்டேன், புரொப்பேன்தான் உந்துவாயு, பக்கத்தில் வைத்து நீளமாக அடித்தால் தோல் உறைந்துவிடும். வட்டமாக, விளிம்பு தெளிவாக இருக்கும் தழும்பு என்றால் எனக்கும் சந்தேகம் அதுதான். திட்டாமல் கேளுங்கள், சொல்லிவிடுவான். ஆறிய தழும்புக்கு அவசரம் இல்லை, ஆனால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். புதிதாகக் கொப்புளமோ மரத்துப்போவதோ இருந்தால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், குழந்தைகளின் தோல் மெல்லியது. வகுப்பாசிரியரிடமும் பேசுங்கள். இன்னொன்றையும் அவனிடம் பக்குவமாகக் கேட்டுவிடுங்கள், யாராவது அதை வாயிலோ மூக்கிலோ அடித்துக்கொள்கிறார்களா என்று. அந்த வாயுவை உள்ளே இழுத்தால் இதயத்துடிப்பு தாறுமாறாகி அந்த இடத்திலேயே உயிர் போகலாம், முதல் தடவையிலேயே நடக்கலாம். மயங்கி விழுந்தால் உடனே 995க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

ஈசூன்_அண்ணன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மத்தியானமே பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மருத்துவர் பஞ்சால் தொட்டுப் பார்த்தார், ஒவ்வொரு விரல் நுனியையும் அழுத்திவிட்டு நிறம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்த்தார். மேலோட்டமான காயம்தான், இரண்டாம் நிலை என்றார். கொப்புளத்தைத் தொடவில்லை, ஒட்டாத கட்டு போட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். ஊசிப் பதிவு ஹெல்த்ஹப்பில் இருந்தது, வேண்டாம் என்றுவிட்டார். கேனின் லேபிளைப் படம் எடுத்துப் போனது நல்லதாகப் போயிற்று, முதலில் அதைத்தான் கேட்டார். துவாஸ் அண்ணனுக்குத் தனி நன்றி. பாட்டியிடம் நிறம் மறைந்துவிடும் என்ற காரணத்தைச் சொன்னேன், உடனே ஒத்துக்கொண்டார்.

கடைசியாக ஒரு கேள்வி. தம்பி கிட்டார் வாசிப்பான், இடது கைதான் தந்தியை அழுத்தும் கை. எப்போது திரும்ப வாசிக்கலாம்? தழும்பு நிற்குமா?

வார்டு_அக்கா:

நல்ல செய்தி. கொப்புளம் தானாக வற்றி, அடியில் புதுத்தோல் மூடும்வரை தந்தி பக்கம் போகவே வேண்டாம், உலோகக் கம்பி புதுத்தோலைக் கிழித்துவிடும். மேலோட்டமான காயம் சாதாரணமாக இரண்டு மூன்று வாரத்தில் மூடிக்கொள்ளும். ஆனால் விரலை அசைக்காமல் வைக்கக் கூடாது, கட்டோடேயே மெதுவாக மடக்கி நீட்டட்டும், இல்லாவிட்டால் மூட்டு இறுகிப்போகும். வாசிக்க ஆரம்பிக்கும்போது நைலான் தந்தியில் கொஞ்ச நேரம் வாசித்துப் பார்க்கட்டும், வலித்தால் நிறுத்திவிடணும்.

தழும்பைவிட நிற மாற்றம்தான் நம் தோலுக்கு அதிகம் வரும். அந்த இடம் கறுத்தோ வெளுத்தோ பல மாதம் இருக்கலாம், பெரும்பாலும் மெல்ல மெல்லச் சரியாகும். புதுத்தோல் மூடியதும் வெளியே போகும்போது அந்த விரல்களில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தடவச் சொல்லுங்கள், வெயில் பட்டால் கறுப்பு இன்னும் அழுத்தமாகிவிடும். கொஞ்ச காலத்துக்கு அந்த விரல்கள் குளிரைத் தாங்காது, ஏர்கான் அதிகமாக இருக்கும் விரிவுரை அறையிலோ நூலகத்திலோ மரத்துப்போனது போல இருந்தால் பயப்பட வேண்டாம், கையைச் சட்டைக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொள்ளட்டும். சீழ், துர்நாற்றம், காய்ச்சல், விரலிலிருந்து மேலே கோடு மாதிரி ஏறும் தடிப்பு, இவற்றில் எது வந்தாலும் இரண்டு நாள் காத்திருக்காமல் அன்றைக்கே திரும்பக் கூட்டிப் போங்கள்.